முதலில் உறுமிய வண்டி

முடிச்சு மாறியிருந்தது.

கவ்ரீல் கையுறையோடு கயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். நேற்று மாலை தன் காருக்குக் கம்பளியைப் போர்த்தி, குதிரையைக் கட்டுகிற முடிச்சாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். இப்போது இருப்பதோ பூட்ஸ் கயிறு கட்டுகிற மாதிரி ஒரு நோஞ்சான் முடிச்சு.

"கை வெச்சிட்டான். திருட்டுப் பய, கை வெச்சிட்டான்!"

யார் என்று யோசிக்க வேண்டியதில்லை. மேல்வீட்டுப் புரோக்கோப்பிதான். போன வருஷம் சுத்தியலை இரவல் வாங்கிக்கொண்டு, பிடி இல்லாமல் திருப்பிக் கொடுத்தவன். இன்றைக்குக் கை வைக்காமல் என்றைக்கு வைப்பான்?

கீழ்வீட்டு அக்குலீனாவின் கராஜ் இந்தக் குளிர்காலம் காலி. உள்ளே வெந்நீர்க் குழாய் ஓடும், சட்டையோடு நிற்கலாம். புருஷன் போனபின் அவள் வண்டியை விற்றுவிட்டாள். கராஜை இரண்டு பேரும் கேட்டார்கள்.

"வாரம் ஒருநாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கிளம்பாத வண்டிக்கு இடம் எதுக்கு? காலைல எது முதல்ல உறுமுதோ அதுக்குத்தான் சாவி" என்று நேற்றுச் சொல்லிவிட்டாள்.

கவ்ரீலுக்கு அந்த இடம் வேண்டும். இல்லாவிட்டால் வசந்தம் வரும்வரை குளிரில் செத்துவிடாமல் இருக்கத் தினமும் பேட்டரியைக் கழற்றி மாடிக்குச் சுமக்க வேண்டும், விடிந்ததும் இறக்க வேண்டும். இடுப்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். டாக்டரை அவர் நம்பவில்லை. இடுப்பே சொன்னபோதுதான் நம்பினார்.

உறைபனி ஊரான யாக்கூத்ஸ்க்கில் அன்று பனிமூட்டம் பால் கொட்டிய மாதிரி இருந்தது. நீட்டிய கை தெரியவில்லை. பக்கத்திலேயே அதே பழைய மாடலில் அடுத்த வண்டி, அதே சாம்பல் நிறக் கம்பளிக்குள், மூச்சு பேச்சில்லாமல் கிடந்தது.

முன்பக்கக் கம்பளியைத் தூக்கிய கவ்ரீலுக்கு ரத்தம் கொதித்தது. குளிர்காற்று புகாமல் ரேடியேட்டருக்கு முன்னால் அவர் சொருகி வைத்த நல்ல அட்டையைக் காணோம். அங்கே ஒரு கிழிந்த தரைவிரிப்புத் துண்டு இருந்தது.

"அட்டையைத் தூக்கிட்டு கந்தலைச் சொருகியிருக்கான், பிச்சைக்காரப் பய!"

உறைந்த எஞ்சினைச் சூடாக்க, தீயைப் பீய்ச்சும் ஊதுவிளக்கைப் பற்றவைத்து அடியில் தள்ளினார். அணைந்தது. திட்டினார், பற்றவைத்தார், மறுபடி அணைந்தது. பேட்டரியை இறக்கி நட்டை முடுக்கக் கையுறையைக் கழற்றினால், விரல் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் புரோக்கோப்பி வந்தான். சால்வையில் சுற்றிய பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தான்.

"அண்ணே..."

"வாடா, வா! கரடி கூட உனக்கு முன்னாடி எந்திரிச்சிருக்கும்."

"அண்ணே, ஒரு நிமிஷம், இந்த வண்டி..."

"இந்த வண்டிய நீ என்னென்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும். முடிச்ச அவுத்தது யாரு? அட்டைய எடுத்தது யாரு?"

"நான் எதுக்குண்ணே உங்க அட்டைய... சொல்றதக் கொஞ்சம் கேளுங்க."

"கேக்க மாட்டேன்! நீ வாயத் திறந்தா பொய், மூடினா திருட்டு."

அந்த ஆத்திரத்தில் பக்கத்து வண்டியின் சக்கரத்தில் ஓங்கி ஓர் உதை விட்டார். கம்பளி மேலிருந்த பனி பொத்தென்று விழுந்தது. "போய் இந்தப் பிணத்த எழுப்புடா, போ! சித்திரவதை பண்ணாத என்னை."

புரோக்கோப்பி வாயைத் திறந்தான். கவ்ரீல் ஸ்பானரை ஓங்கினார். அவன் மூடிக்கொண்டான்.

கடைசியில் ஊதுவிளக்கு நின்று எரிந்தது. கவ்ரீல் ஏறி உட்கார்ந்து, தேய்ந்து மொட்டையாகிப்போன சாவியைச் சொருகினார். திரும்பவில்லை.

"சாவித் துவாரத்துல என்னடா அடைச்சே?"

புரோக்கோப்பி பேட்டரியைக் கீழே வைத்துவிட்டு, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றான்.

கவ்ரீல் சாவியை லைட்டரில் காட்டினார், ஊதினார், ஆட்டினார், செத்த அப்பனையும் அப்பனுக்கு அப்பனையும் துணைக்குக் கூப்பிட்டார். சாவி திரும்பியது. எஞ்சின் முனகியது, இருமியது, நின்றது. மறுபடி முனகியது. பிறகு முற்றமே அதிர உறுமியது.

கவ்ரீலின் கண்ணில் தண்ணீர் வந்து இமையிலேயே உறைந்தது. ஹாரனை விடாமல் அடித்தார்.

மேலங்கியைப் போர்த்திக்கொண்டு அக்குலீனா வெளியே வந்தாள். கராஜ் சாவி அவள் விரலில் ஆடியது.

"உறுமிடுச்சா? காதுல விழுந்துச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான். எந்த வண்டி முதல்ல கிளம்புச்சோ அதுக்குத்தான் சாவி. இந்த மூட்டத்துல ஒண்ணும் தெரியலையே, யாரு வண்டிப்பா இது?"

"என்னோடது அக்கா, என்னோடது!" கவ்ரீல் கதவைத் திறந்து கையை நீட்டினார். "இந்தப் பய என்னென்னவோ செஞ்சு பார்த்தான். நடக்கல. பேசச் சொல்லுங்க அவனை, இப்பப் பேசட்டும்!"

புரோக்கோப்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்தான்.

"இது என்னோடதுண்ணே. நீங்க உதைச்சதுதான் உங்களோடது."