கயிற்றுக்கு உள்ளே ஒரு கட்டில்

அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அதனால் பள்ளியறைத் தரைக்கு எல்லாப் பாதங்களும் தெரியும். சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருக்கும் கட்டிலுக்கு ஒருவரையும் தெரியாது.

"இதெல்லாம் டிக்கெட் கூட்டம்," என்று கட்டில் தினமும் சொல்லும். "நம் குட்டி இளவரசி ஒருநாள் வருவாள். ஓடி வந்து என்மேல் குதிப்பாள். கனத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்கு இந்தக் கயிறு இருக்காது."

இன்று மதியம் ஒரு வயதான பெண்மணி வந்தாள். அவள் இடது குதிகாலில் பழைய தழும்பு இருந்தது. ஆறு வயதில் உடைந்த விளக்குக் கண்ணாடியை மிதித்து அவள் ரத்தம் சிந்தியது இதே தரையில்தான். தரைக்கு உடனே தெரிந்துவிட்டது.

அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கயிற்றுக்கு மேலாக மெல்லக் கையை நீட்டினாள்.

"தொடக் கூடாதும்மா. நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க," என்றார் காவலாளி.

அவள் நகர்ந்தாள்.

சாயங்காலம் கதவைப் பூட்டியதும் கட்டில் கேட்டது: "இன்றைக்காவது வந்தாளா?"



"இல்லை," என்றது தரை. "எல்லாம் டிக்கெட் கூட்டம்தான்."