இம்பாலின் இருபுறம்

மெல்பர்னில் ஏப்ரல் இருபத்தைந்தின் குளிர்ந்த காலை. போருக்குப் போனவர்களின் வாரிசுகள் பதக்கத்தை வலப்பக்கம் குத்திக்கொண்டு அணிவகுக்கும் நாள். பழுத்த இலைகள் ஈரச் சாலையில் ஒட்டிக் கிடக்கின்றன. ஜெகதீஷின் கோட்டில் அவன் தாத்தாவின் நட்சத்திரப் பதக்கம் மின்னுகிறது. வேலூரிலிருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரனிடமிருந்து இம்பால் மலையைக் காத்து நின்றதற்குக் கிடைத்தது அது. பக்கத்தில் நிற்கும் அவன் மனைவி யுவனேஸ்வரியின் கைக்குள் ஒரு பித்தளைச் சின்னம் இருக்கிறது. அவள் தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்தை விட்டு, வெள்ளைக்காரனிடமிருந்து இந்தியாவை மீட்க இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். ஜப்பான்காரனோடு சேர்ந்து அதே மலையை எதிர்ப்பக்கமிருந்து ஏறினார். தோற்றுத் திரும்பும் வழியில் அடைமழையில் பட்டினியால் செத்தார். சின்னத்தை மட்டும் கூட்டாளி ஒருவர் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

“இத நான் எங்கங்க குத்துறது?”

ஜெகதீஷ் முன்வரிசையைப் பார்க்கிறான். அங்கே நிற்கும் கிழவர், தன் அப்பா ஜப்பான்காரனின் கைதி முகாமில் இறந்ததைச் சற்றுமுன்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இங்க வேணாம் யுவா. கைலயே வச்சுக்கோ.”

 அவள் விரல்களை இறுக்குகிறாள், ஊசி உள்ளங்கையில் இறங்குகிறது. முரசு அதிர்கிறது, வரிசை நகர்கிறது. அவள் நேரே பார்த்தபடி நடக்கிறாள். நெடுந்தூரம் போன பிறகே கணவன் பக்கம் திரும்புகிறாள். அவன் கோட்டில் நட்சத்திரம் இல்லை. கம்பளித் துணியில் ஊசி போன தடம் மட்டும் தெரிகிறது. அவன் வலது கையும் இறுக மூடியிருக்கிறது.