சந்தனம் வைத்த சைக்கிள்

ஈரத்துணியைப் பிழிந்து உதறிக்கொண்டே சொல்கிறேன். துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட ஒரு சைக்கிளின் கதை இது.

ஒரு வீட்டில் நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று இருந்தது. பக்கத்து அலமாரியில் ஒரு முறுக்கு டப்பா. வீட்டுக்காரர் கை போவதெல்லாம் டப்பாவுக்குத்தான்.

ஒரு மழைக்காலத்தில் வீட்டில் இருவருக்கும் வைரஸ் காய்ச்சல் வந்தது. தினமும் நடந்துபோய்க் கீரை வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிற மனைவி மூன்றாம் நாள் எழுந்துவிட்டாள். அவருக்கோ மூச்சு முட்டி, பத்து நாள் ஆஸ்பத்திரி.

"முறுக்கை விடுங்க, சைக்கிளை மிதிங்க. இன்னொரு காய்ச்சலை உங்க உடம்பு தாங்காது" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

"இனிமே என் காலம்தான் அக்கா" என்றது சைக்கிள், டப்பாவிடம்.

அவர் பயந்துதான் போயிருந்தார். சைக்கிளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முறுக்கைப் படைத்து, சூடம் காட்டினார். ஏறப்போனவர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"கும்பிட்ட பொருள்மேல காலை வைக்கலாமா?" என்று சைக்கிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரசாதத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

"சாமி ஆயிட்டியே தம்பி. அடுத்த காய்ச்சலுக்கு நீதான் அவரைக் காப்பாத்தணும்" என்றது டப்பா.

அதுக்கு சைக்கிள், "அவர் ஏறாம நான் எப்படிக்கா" என்று... இதோ வந்துட்டேன் அத்தை, பிள்ளை அழறது கேக்குது, நான் தூக்கிக்கிறேன்...