லண்டன்காரரிடம் கேட்ட பேன்ட்

"இவங்கெல்லாம் ஒரு இங்கிலீஷ் டீச்சர்! கேவலம். பள்ளிக்கூடத்து மானமே போச்சு."

கணக்கு வாத்தியார் ராஜவேல் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்துவிட்டார். மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாள் டீச்சர் வாயே திறக்கவில்லை.

எப்படித் திறப்பார்? கொஞ்ச நேரம் முன்னால் திறந்தது போதாதா?

கடல் பொங்கிவந்து ஊரை வாரிக்கொண்டு போனதற்கு மறு வருஷம். கடலூர்ப் பக்கத்தில் கரையோரப் பள்ளிக்கூடம் அது. உதவி செய்ய லண்டனிலிருந்து ரெண்டு வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு என்னென்ன வேணும் என்று ஒன்பதாவது படிக்கிற அனுப்பிரியா மேடையேறி இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

அப்பா இல்லாத பெண். வளர்க்கிற மாமா பக்கிரி, "படிச்சது போதும், எறா உரிக்கிற கம்பெனி வேலைக்குப் போவட்டும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். "அவ இங்கிலீஷ் பேசறத ஒரு வாட்டி கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்று டீச்சர்தான் கெஞ்சிக் கூத்தாடி அவரை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

அனுப்பிரியா நன்றாகத்தான் பேசினாள். பையன்களுக்கு யூனிஃபார்ம் இல்லை என்கிற இடம் வந்தது.

"ப்ளீஸ் கிவ் பேன்ட்ஸ் டு அவர் பாய்ஸ், சார்."

வெள்ளைக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் நெளிந்தார்கள். கூட வந்த சென்னை ஆள் சும்மா இருந்திருக்கலாம். பெரிய மேதாவி, மைக்கிலேயே சொன்னான். "அமெரிக்காவுல பேன்ட்ஸ்னா நம்ம பேன்ட்தான். லண்டன்ல ஜட்டி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அனுப்பிரியாவின் முகம் செத்துப்போனது. மாமா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "இதக் கேக்கத்தான் பொழப்ப விட்டுட்டு வந்தனா? எறங்குடி கீழ!"

அந்த நேரம் பார்த்து ஆரோக்கியம்மாள் டீச்சர் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினார். சமாளிப்பார் என்று பார்த்தால், ஒரு வெள்ளைக்காரரின் காலைக் காட்டி,

"எஸ், எஸ், பேன்ட்ஸ்! யுவர் பேன்ட்ஸ் வெரி நைஸ், சார்! ஐ லைக் யுவர் பேன்ட்ஸ்!"

அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் முடிகிற வரைக்கும் டீச்சரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஜட்டி டீச்சர்னு பேரே வெச்சுட்டானுங்க வெளிய," ராஜவேல் விடுவதாக இல்லை. "இது கூடத் தெரியாம இத்தன வருசமா என்னத்த சொல்லிக் குடுத்தீங்க? வெக்கமா இல்ல?"

வாசலில் அனுப்பிரியா வந்து நின்றாள்.

டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மாமா என்னம்மா சொன்னாரு?"

"'டீச்சருக்கே தெரியல, புள்ள என்னா பண்ணும்'னு சொல்லி சிரிக்கிறாரு டீச்சர். பத்தாவது படின்னுட்டாரு."

"அப்ப சரி. கெளம்பு."

அவள் கிளம்பவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? 'நம்ம ஊர்ல டவுசர்னா அரைக்கால் சட்டையா இருக்கட்டும், லண்டன்காரங்ககிட்ட ட்ரவுசர்ஸ்னுதான் சொல்லணும், பேன்ட்ஸ்னு வாயே திறக்காத'ன்னு காலையில நீங்கதான படிச்சுப் படிச்சு சொன்னீங்க? நான் பயத்துல மறந்துட்டேன். நீங்க எப்பிடி டீச்சர் மறந்தீங்க?"