வெந்நீர்க் குளம்

சங்கரலிங்கம் சார் வலது காலின் கட்டைவிரலைத் தண்ணீருக்குள் விட்டபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்கழி விடியல். சுருளிப்பட்டியில் பனி இன்னும் திராட்சைப் பந்தலை விட்டு இறங்கவில்லை.

இன்டர்நெட்டில் 'வெந்நீர் நீச்சல் குளம்' என்று பார்த்துவிட்டு, என் தோட்டத்து வீட்டை வாடகைக்குப் பிடித்து, சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறார். தண்ணீர் சில்லென்றிருந்தால் காலை டிபனுக்கு முன்னாலேயே பெட்டியைக் கட்டிவிடுவார்.

விரல் போனது. கால் போனது. சார் மொத்தமாக உள்ளே போனார்.

"அடடா! பாய், இப்படிச் சுட வச்சா கரண்ட் பில் எகிறிடுமே?"

"விருந்தாளிக்குச் செய்யறதுல கணக்குப் பாக்கலாமா சார்?"

அப்போது என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வள்ளல் முகம்.

ஹீட்டரை ஐப்பசியிலேயே கழற்றி விற்றுவிட்டேன். முதல் பில்லைப் பார்த்ததும் வந்த மயக்கம் தெளிந்தவுடன் செய்த காரியம் அது. அதன் பெட்டி மட்டும் சுவரில் இருக்கிறது. உள்ளே ஒரு சிவப்பு பல்பு. வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வேண்டுமல்லவா?

சூடு என் போர்க் கிணற்றிலிருந்து வருகிறது. பூமிக்குள்ளிருந்து அப்போதுதான் ஏறிவரும் தண்ணீர் குளிர்காலத்தில் வெதுவெதுவென்று இருக்கும். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், சென்னைக்காரருக்குத் தெரியாது. ஆறிப்போனதை ஓடைக்குத் திறந்துவிட்டு, புதுத்தண்ணீரை நிரப்புவேன். குளோரின் மருந்து கலந்ததைப் பந்தலுக்குப் பாய்ச்ச முடியாதே.

தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். குளமும் பழைய தோட்டத்துத் தொட்டிதான். நீல பெயிண்ட் அடித்ததும் அதற்கு இங்கிலீஷில் பெயர் வந்துவிட்டது.

ஆக, செலவே இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்று என் முதுகை நானே தட்டப் போய்த் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

"ராவுத்தரே..."

பக்கத்துத் தோட்டத்துச் சங்கிலியம்மாள் அக்கா. இடுப்பில் காலிக் குடம்.

"எங்க போரு இன்னைக்கும் காத்தத்தான் துப்புது. பந்தல் காஞ்சது காஞ்சிருச்சு, குடிக்க ஒரு கொடம் பிடிச்சுக்கிறட்டா?"

"இதுக்கெல்லாமா கேப்பீக? பிடிங்கக்கா." மறுபடியும் வள்ளல்.

குளத்தில் விழுந்துகொண்டிருந்த குழாயடியில் குடத்தை வைத்தார். தண்ணீர் கையில் பட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து சார் கேட்டார். "என்னம்மா, பாய் நல்லா சுட வச்சிருக்கார்ல?"



"ஆமா சார். ராவெல்லாம் கண்ணு முழிச்சுக் காய வச்சாக."

அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஹீட்டர் விற்ற கையோடு என் போரை இன்னும் ஆழமாக இறக்கினேன். அக்காவின் போர் காற்றைத் துப்ப ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரம்.

"பாய், நாளைக்கும் தங்கலாம்னு பார்க்கிறோம். இதே சூடு இருக்கும்ல?"

குடம் நிறைந்து வழிந்தது. அக்கா அதைத் தூக்கவில்லை.

சாரைப் போலவே அவரும் என் பதிலுக்காக நின்றார்.