மயிரிழை கூடத் தப்பாது

"மிஷின் கையில வயித்தக் குடுக்கறதா? இன்னா பேச்சு பேசுற நீ?"

கோட்டைக்குப்பத்து மீனவர் தேசப்பன் சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளிடம் எகிறினார். பித்தப்பையில் கல். இன்னும் சற்று நேரத்தில் ஆபரேஷன்.

"அது தானா எதையும் அறுக்காது நைனா. டாக்டர் கை அசையற மாதிரியே அசையும். அவர் கை நடுங்குனா, அந்த நடுக்கத்த மட்டும் வடிகட்டிடும்" என்றாள் யமுனா.

அந்த ஆபரேஷன் ரோபோவைத் தயாரிக்கும் கம்பெனியில் அவள் இன்ஜினீயர். அதன் கை அசைவைத் துல்லியமாக்குவதுதான் வேலையே.

"கொஞ்சம் தப்பிப் போச்சுன்னா?"

"மயிரிழை கூடத் தப்பாது. நானே எத்தினி வாட்டி சோதிச்சுப் பாத்திருக்கேன்!"

"என் போட்டு மோட்டாரே நடு ஏரியில நின்னு தொலைக்குது. இது நடுவுல நின்னா?"

"நின்னா டாக்டர் கையாலயே முடிச்சிடுவாரு. ஊர்ல எல்லாரும் சொல்றதக் கேட்டுப் பயப்படாத நைனா."

தேசப்பன் பெருமூச்சு விட்டார். "சரி, நீ செஞ்சதுன்ற ஒரே நம்பிக்கையில ஒத்துக்கறேன்."

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

"பேஷண்ட் ஏறிப் படுங்க."

யமுனா ஏறிப் படுத்தாள்.

தேசப்பன் மகளின் தலையைத் தடவிவிட்டு நகர்ந்ததும், அவள் டாக்டரின் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள்.

"சார், கையாலயே பண்ணிட முடியாதா?"

டாக்டர் திகைத்தார். "ஏம்மா, அது நீ செஞ்ச மிஷின்தானே?"

"அதான் சார் பயமா இருக்கு!"