உதட்டை மட்டும்

திரையில் இருந்த கேள்வியை அவள் மறுபடி படித்தாள்.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளி. வாய் வழியாக எதுவும் தரக்கூடாது என்பது மருத்துவரின் உத்தரவு. தாகம் தாங்காமல் அவர் தண்ணீர் கேட்டு அழுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

கீழே சில பதில்கள். மிகப் பொருத்தமானதை மேலே வைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்து அடுக்க வேண்டும்.

நர்ஸிங் கல்லூரியின் நுழைவுத் தேர்வு. பாடக் கேள்விகள் காலையிலேயே முடிந்துவிட்டன. இது ஆளை எடை போடுகிற தேர்வு. இதில் தேறினால்தான் இடம்.

இதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பயிற்சி வகுப்பு சார் ஒரு குறுக்கு வழி சொல்லித் தந்திருந்தார். அவர் நோயாளிகளைப் பார்த்ததைவிடக் கேள்வித்தாள்களைப் பார்த்ததுதான் அதிகம்.

"பாவம் பாக்குற பதில் எதுவா இருந்தாலும் அது பொறி. கண்ண மூடிக்கிட்டுக் கடைசில தள்ளு."

அவளும் தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பேன். அது கடைசிக்குப் போனது.

அடுத்த பதிலில் கை நின்றது.

ஏன் தரக்கூடாது என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, ஈரப் பஞ்சால் உதடுகளை நனைத்துவிடுவேன்.

உதடுகளை நனைக்கலாமா?

அவள் அந்தப் பதிலை மறுபடி படித்தாள்.

"நாக்கு ஒட்டுதுடி" என்றாள் அம்மா.

பக்கத்தில் கேட்டது போலவே இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாற்காலிப் பெண் தன் திரையில் மூழ்கியிருந்தாள்.

போன வருஷம் அம்மாவுக்குக் குடல் முறுக்கு. காலையில் ஆபரேஷன் என்றார்கள். ஒரு விபத்துக் கேஸ் வந்தது. அப்புறம் இன்னொன்று. மதியம் என்றார்கள், பிறகு சாயங்காலம் என்றார்கள்.

"ஒச்சம்மா கூட யாரு இருக்கா? பச்சத் தண்ணி குடுத்துறாதீங்க" என்று சொன்ன நர்ஸ் அடுத்த வார்டுக்கும் ஓட வேண்டியிருந்தது.

கூட இருந்தது அவளும் அப்பாவும்தான். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள். தண்ணீர் பாட்டிலைக் கட்டிலுக்கடியில், அம்மா கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைத்தாள். அம்மா கெஞ்சினாள். திட்டினாள். பிறகு சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தாள். உதடு வெங்காயச் சருகு போல உரிந்து நின்றது.

அப்பாதான் பொறுக்க மாட்டாமல் எழுந்தார். தோளில் கிடந்த துண்டின் முனையைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்தார்.

"உதட்ட மட்டுமாச்சும் நனைச்சு விடவா தாயி?"

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். உங்களுக்கு என்ன தெரியும் என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அதன் முனையிலிருந்து தரையில் சொட்டியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா உயிரோடு திரும்பவில்லை.

வீட்டில் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். காய்ந்த உதட்டில் ஒரு மணிகூடத் தங்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசினார்.

"ஒரு சொட்டு விடலையே எம்மக. அன்னைக்கே அவ முக்கா நர்ஸு."

அந்தப் பெருமையில்தான் இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதே.

திரையின் மூலையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது.

சார் சொன்னபடி தள்ளிவிடலாம். இதுவும் பாவம் பார்க்கிற பதில்தான். பொறியாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். கீழே தள்ளிவிட்டால் அன்றைக்கு அவள் செய்தது சரியாகவே இருந்துவிட்டுப் போகும்.

ஆனால் நர்ஸ் குடிக்கத்தான் கொடுக்காதே என்றாள். உதட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

"நாக்கு ஒட்டுதுடி."

இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பதிலைப் பிடித்து மேலே இழுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோய் வைத்தாள். அடுத்த கேள்விக்கான பொத்தானை அழுத்தினாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. அப்பா கேட் அருகில் நின்றிருந்தார். துண்டை நனைத்துத் தலையில் போட்டிருந்தார். கையில் அவளுக்காக வாங்கிய தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல் இருந்தது. அவருடைய உதடு வெடித்திருந்தது.

"என்ன தாயி கேட்டாக?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துண்டின் முனையைப் பார்த்தாள். சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சதத்தாம்ப்பா கேட்டாக."

அப்பா சிரித்தார்.

"எனக்கென்ன தாயி தெரியும்" என்று பாட்டிலின் மூடியைத் திருகி, முதலில் அவளிடம் நீட்டினார்.